காதை யார் அளப்பது?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை பிறந்த சில நிமிடங்களில் அதன் எடையைக் குறித்துவிடுகிறார்கள். பிறகு தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியில் உயரம், பள்ளியில் கண் பரிசோதனை. நடுவயதைத் தொட்டால் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இவ்வளவு அளந்தும், காது எந்த அளவுக்குக் கேட்கிறது என்பதை மட்டும் எல்லோருக்கும் முறையாக அளப்பதில்லை. “சரியாகக் கேட்கவில்லை” என்று ஒருவர் தானே வந்து சொல்லும்வரை காத்திருக்கிறோம். அவர் வருவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. காது கேளாமையால் நாம் இழப்பதில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தால் இழப்பதுதான்.

ஆண்டுதோறும் மார்ச் 3 உலகச் செவித்திறன் தினம். அன்று முகாம் நடக்கும், மாணவர்கள் உறுதிமொழி எடுப்பார்கள். மற்ற நாட்களில் இயர்பட்ஸ் விற்பனையும், கோயில் கொடை முதல் கல்யாண ஊர்வலம் வரை அடுக்கப்படும் டி.ஜே. பெட்டிகளின் உயரமும் கூடிக்கொண்டே போகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்திருக்கிறது. அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ கட்டாயம் தேவை. 2050இல் இது 70 கோடியாகும் என்கிறது அந்த அறிக்கை. குழந்தைகளிடம் காணப்படும் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தடுத்திருக்க முடியும் என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு.

இந்தியாவில் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 50 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு என்று மத்திய அரசின் திட்ட ஆவணங்கள் குறிப்பிடுவது 6.3 கோடி. பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். வாசலில் நின்று “வீட்டில் யாருக்காவது காது கேட்காதா?” என்று கேட்டால் ஒரு கணக்கு வரும். காதையே சோதித்தால் வேறு கணக்கு வரும்.

சட்டத்தின் கணக்கு இன்னும் குறுகலானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), இரு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்காவது கேட்கும் திறனை இழந்தவரைத்தான் குறைபாடு உள்ளவராக ஏற்கிறது. நாம் சாதாரணமாகப் பேசும் குரலே சுமார் 60 டெசிபல்தான். 50 டெசிபல் இழந்த மாணவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் காதில் விழாது. ஆனால், சட்டப்படி அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒலி எங்கே தடைபடுகிறது?

காதுக்கு மூன்று பகுதிகள். வெளிக்காது ஒலியை வாங்குகிறது. நடுக்காதில் செவிப்பறையும் மூன்று குட்டி எலும்புகளும் அதை உள்ளே கடத்துகின்றன. அந்த மூன்றில் ஒன்றான அங்கவடி எலும்புதான் மனித உடலிலேயே மிகச் சிறியது. மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்காதில் பட்டாணி அளவே உள்ள, நத்தைக்கூடு வடிவிலான காக்ளியா ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது.

முதல் இரண்டு பகுதிகளில் வரும் கோளாறுகளைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அழுக்கு இறுகி அடைத்திருந்தால் எடுத்துவிடலாம். செவிப்பறை ஜவ்வு கிழிந்திருந்தால் அறுவை சிகிச்சையில் ஒட்டுப் போடலாம். இந்தச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

உள்காது அப்படியல்ல. காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் முடிச்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்த இந்த இருப்புதான் ஆயுளுக்கும். செத்துப்போன முடிச்செல் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பேரிரைச்சல், சில மருந்துகள், சில வைரஸ்கள், முதுமை என எது தாக்கினாலும் போனது போனதுதான். அதற்குப் பிறகு கருவியின் துணையோடு சமாளிக்க வேண்டும்.

வயலில் எல்லோரும் நடக்கிற வாசல் பக்கத்துப் புல் முதலில் பட்டுப்போவதுபோல, காக்ளியாவின் நுழைவாயிலில் இருக்கும் முடிச்செல்கள்தான் பெரும்பாலும் முதலில் அழிகின்றன. கீச்சென்ற, மெல்லிய ஒலிகளைப் பிடிப்பவை அவை. பேச்சில் ‘ச’, ‘த’, ‘க’ போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய அவை வேண்டும். அதனால் தொடக்கத்தில் சத்தம் நன்றாகவே கேட்கும். சொல் மட்டும் பிடிபடாது. பால் என்றாரா, கால் என்றாரா என்று குழம்புவார். “எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க” என்று வீட்டுப் பெரியவர் எரிச்சல்படுவது இதனால்தான். அவர் சொல்வதில் பாதி உண்மை.

எவர்சில்வர் தட்டுச் சோதனை

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு எந்த வெளிக்குறியும் இருக்காது. அழும், சிரிக்கும், முகம் பார்க்கும். வீட்டில் யாருக்காவது லேசாகச் சந்தேகம் வந்தால், ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துப் பின்னால் நின்று தட்டுவார்கள், அல்லது தரையில் போடுவார்கள். குழந்தை திரும்பிவிட்டால் “கேட்குது” என்று தீர்ப்பாகிவிடும்.

இந்தச் சோதனை நம்பத் தக்கதல்ல. தட்டு விழும் அதிர்வு தரை வழியாகக் குழந்தையை எட்டும். ஓரக்கண்ணில் கை அசைவு தெரியும். தவிர, தட்டின் சத்தம் பேச்சுக் குரலைவிடப் பல மடங்கு பெரியது. அது கேட்கிற குழந்தைக்கு அம்மாவின் தாலாட்டு கேட்காமல் இருக்கலாம்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் அடுத்த சமாதானம் தயாராக இருக்கும்: “அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்.” இப்படியே மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். மூளை மொழியைக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம் அதுதான்.

உண்மையான பரிசோதனை மிக எளிது. தூங்கும் குழந்தையின் காதில் மென்மையான சிறு முனையை வைத்து மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். உள்காது நன்றாக இருந்தால் அதிலிருந்து ஓர் எதிரொலி திரும்பி வரும். ஓ.ஏ.இ. எனப்படும் இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ஊசியோ மயக்கமருந்தோ வேண்டாம். அதில் சந்தேகம் இருந்தால் நரம்பின் செயல்பாட்டைப் பார்க்கும் ‘பெரா’ பரிசோதனை.

உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல். நம்மூரில் பல பெற்றோர் முதன்முதலாக ‘பெரா’ என்ற பெயரைக் கேள்விப்படும்போது குழந்தைக்கு மூன்று வயது ஆகியிருக்கும்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அதாவது, பிறக்கும் குழந்தை ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு முறையாவது மருத்துவப் பணியாளரின் கைக்கு வந்துதான் வீட்டுக்குப் போகிறது. காது பரிசோதனை பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் நடக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராக நடப்பதில்லை. கருவிப் பற்றாக்குறையை இதற்குக் காரணமாகச் சொல்லவும் முடியாது.

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் குழந்தைகள் நல மருத்துவர்கள் 2003இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு ஒரு கருவி வாங்கவில்லை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியோடு ஒரு பணியாளர் முறைவைத்து ஒவ்வொரு மருத்துவமனையாகச் சென்று, புதிதாகப் பிறந்த குழந்தைகளைச் சோதித்தார். சந்தேகம் வந்த குழந்தைக்கு, ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது மறுபடியும் சோதனை. ஒரு கருவியைப் பகிர்ந்துகொண்டே பல மருத்துவமனைகளுக்கு இந்த வசதி கிடைத்தது.

வம்சத்தில் யாருக்கும் இல்லையே!

“எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே” என்பது பரிசோதனை முடிவைக் கேட்டதும் பெற்றோர் சொல்லும் முதல் வாக்கியம். பிறவிச் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ பாதிக்கு மரபணுதான் காரணம். அதில் பெரும்பகுதி, நன்றாகக் காது கேட்கும் பெற்றோர் வழியாகவே வருகிறது.

கோளாறான மரபணு ஒருவரிடம் ஒரு பிரதி மட்டும் இருந்தால் எந்தப் பாதிப்பும் தெரியாது. கணவன், மனைவி இருவரிடமும் அதே கோளாறு ஒவ்வொரு பிரதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் காது கேளாமல் போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும்போது, ஒரே முன்னோரிடமிருந்து இருவருக்கும் அதே மரபணு வந்திருக்கும் சாத்தியம் கூடுகிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கால்பங்குக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறோம்.

சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் இப்படிக் குழந்தை பிறக்கும் என்று பொருளல்ல; பெரும்பாலோருக்குப் பிறப்பதில்லை. ஆனால், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குப் பிறவியிலேயே கேட்காது என்றால், மறுபடியும் உறவுக்குள் சம்பந்தம் பேசும் முன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது அவசியம். ஒரு குழந்தைக்குக் கேட்கவில்லை என்றால், அடுத்த குழந்தையைப் பிறந்த வாரமே சோதிக்க வேண்டும்.

மரபணு தவிர்த்த காரணங்களில் பலவற்றைத் தடுக்கலாம். கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் குழந்தையின் காது, கண், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினார்கள். காது கேளாமையையும் தடுக்கும் ஊசி அது என்று அப்போது போதுமான அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை. எடை மிகக் குறைந்து பிறப்பது, பிரசவத்தில் மூச்சுத்திணறல், கட்டுக்கு மீறிய மஞ்சள் காமாலை, மூளை உறைக் காய்ச்சல் ஆகியவையும் உள்காதையோ செவிநரம்பையோ தாக்கும். பொன்னுக்கு வீங்கி வந்து போன பிள்ளைக்கு ஒரு பக்கக் காது மட்டும் சத்தமில்லாமல் போயிருக்கக் கூடும். தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைத்துப் பேசுவதை வைத்துத்தான் பல வீடுகளில் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சீழ் வடியும் காது

பள்ளி வயதில் பெரிய எதிரி நடுக்காது நோய்த்தொற்று. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் அதிகச் சரிவில்லாமலும் இருக்கும். சளி எளிதாக ஏறிவிடும். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதும் இதற்கு வழிசெய்கிறது. சீழ் வந்தால் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கையோ கோழியிறகையோ விட்டுக் குடைவது, பஞ்சை அடைத்துவிடுவது என்று கைவைத்தியம் நடக்கும். நாள்பட்டால் ஜவ்வில் ஓட்டை விழும். தொற்று எலும்பை அரிக்கும். சில சமயம் மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகும்.

சீழ் வராமலேயே செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதும் உண்டு. வலி இருக்காது. குழந்தைக்குக் காதுக்குள் பஞ்சை வைத்ததுபோல் மந்தமாகக் கேட்கும். அவன் வகுப்பில் விழிப்பான். சொல்வதெழுதுதலில் தப்பு செய்வான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆசிரியருக்கு அவன் ‘மக்கு’, வீட்டில் ‘சொன்ன பேச்சு கேட்காதவன்’. அடி வாங்கிய பிறகுதான் இ.என்.டி. மருத்துவரிடம் போகிறான். மருந்திலோ சின்ன அறுவை சிகிச்சையிலோ தீர்ந்துபோகிற பிரச்சினை அது.

தறிக்கூடத்துப் பேச்சு

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்குள் நுழைந்தால், நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. தறி ஓட்டுபவர்கள் உதட்டைப் பார்த்தும் விரல்களைக் காட்டியுமே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்ததையும் டீ வந்ததையும் அப்படியே சொல்லிவிடுவார்கள். திறமைதான். ஆனால், எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் இந்த இரைச்சலில் நின்றால் முடிச்செல் தாக்குப்பிடிக்காது.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 20 நிமிடம். நம் தொழிற்சாலை விதிகளோ நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 90 டெசிபலை அனுமதிக்கின்றன. நாடா ஓடும் தறிக்கூடம் அந்த வரம்பையும் தாண்டிவிடுகிறது.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். அதற்கு இழப்பீடு பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால், வீட்டை ஒட்டி நாலு தறி, ஆறு தறி போட்டு ஓட்டும் கூடங்கள் சட்டப்படி ‘தொழிற்சாலை’ என்ற வரம்புக்குள்ளேயே வருவதில்லை. பட்டறை, பாறை உடைக்கும் குவாரி, மாவு மில், ஜெனரேட்டர் அறை எல்லாவற்றுக்கும் இதே கதை.

இப்படி வேலை செய்தவரை ஒலி புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்வார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று ‘ஆடியோகிராம்’ என்ற வரைபடம் உருவாகும். 4,000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால், அது பெரும்பாலும் இரைச்சல் விட்டுச்சென்ற தடம். பாதிக்கப்பட்டவர் தனக்குக் குறை இருப்பதாக உணர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பள்ளம் விழுந்துவிடுகிறது. ஆண்டுக்கொருமுறை அளந்திருந்தால் அப்போதே காதடைப்பானைக் கொடுத்திருக்கலாம், வேலையிடத்தை மாற்றியிருக்கலாம்.

காதுக்குள் கச்சேரி

தறிக்கூடத்துக்குப் போகாதவர்களும் தப்பவில்லை. இயர்போனில் ஒலியை முழுதாக வைத்தால் 100 டெசிபலை எட்டிவிடும். பேருந்து, ரயில் இரைச்சலை அமுக்கப் பாட்டின் ஒலியை இன்னும் கூட்டுகிறோம். தவறான முறையில் கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கச்சேரியோ டி.ஜே. நடனமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் காதில் ‘ங்ங்’ என்ற இரைச்சல் கேட்டால், அது முடிச்செல்கள் அடிபட்டதன் அறிகுறி. மறுநாள் சரியானதுபோல் தெரியும். அடிபட்டவை எல்லாம் மீண்டுவிட்டன என்று அதற்குப் பொருளல்ல.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் சட்ட வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு இன்னும் குறைவு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டே வந்துவிட்டன. பட்டாசுக்கும் நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. ஆனால், கையில் பிடித்துத் திரியைக் கொளுத்தும் சிறுவன் நான்கு மீட்டர் தள்ளி நிற்பதில்லை. ஒற்றை வெடிச்சத்தமே ஜவ்வைக் கிழித்துவிடக்கூடும்.

மருந்தும் திடீர் இழப்பும்

உயிர் காக்கும் சில மருந்துகள் காதைப் பதம் பார்க்கும். காசநோய்க்குப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின் ஊசிகள், தீவிரத் தொற்றுகளுக்குப் போடப்படும் ஜென்டாமைசின், அமிக்காசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் காதைப் பரிசோதிக்கும்படி கேட்க வேண்டும். தாய்வழி உறவினர் யாருக்காவது ஊசி போட்டபின் காது போயிருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, திடீர் இழப்பு. காலையில் எழுந்தால் ஒரு காது மட்டும் அடைத்ததுபோல் இருக்கும். சளி என்றோ அழுக்கு என்றோ நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் போவார்கள். இது அவசர நிலை. சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம்; இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தனக்கு இத்தகைய நரம்புவழிச் செவித்திறன் இழப்பு ஏற்பட்டதை 2024 ஜூனில் வெளிப்படையாக அறிவித்தார். வைரஸ் தாக்குதல் காரணம் என்று மருத்துவர்கள் கூறியதாகச் சொன்ன அவர், பேரிரைச்சலான இசை, ஹெட்போன் விஷயத்தில் கவனமாக இருக்கும்படி ரசிகர்களையும் இளைய கலைஞர்களையும் கேட்டுக்கொண்டார். காதையே நம்பிப் பிழைக்கும் ஒருவர் இதை மறைக்காமல் சொன்னது நல்ல காரியம்.

வயசானா இப்படித்தான்?

முதுமையில் காது மந்தமாவது இயல்பு. ஆனால், அதற்கு வழி செய்யாமல் விடுவது இயல்பு என்று சொல்ல முடியாது. காது கேட்காத பெரியவர் முதலில் போனில் பேசுவதைக் குறைக்கிறார். பிறகு விசேஷங்களில் ஓரமாக உட்காருகிறார். சிரிக்கிற இடத்தில் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கிறார். மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய காரணங்களை ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2017, 2020, 2024 என மூன்று அறிக்கைகளிலும் செவித்திறன் இழப்பை முக்கியமான ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது.

‘காது மிஷின்’ வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மாட்டிய முதல் நாள் மின்விசிறி, பாத்திரம், தெருச் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து அடிக்கும். மூளை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு மூன்று முறை செவித்திறன் நிபுணரிடம் போய் அளவைச் சரிசெய்ய வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய கருவி பீரோவுக்குள் போய்விடுகிறது. கண்ணாடி போடக் கூசாதவர்கள் காதுக்கருவி மாட்டக் கூசுவதும் ஒரு காரணம். ‘செவிடு’ என்பதை வசைச்சொல்லாக வைத்திருக்கும் சமூகத்தில் அந்தக் கூச்சத்துக்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிரசவம் பார்க்கும் அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும், காது பரிசோதனை முடியாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தடுப்பூசி அட்டையிலேயே அதற்கு ஒரு கட்டம் அச்சிட வேண்டும். சிறிய மருத்துவமனைகளுக்கு எர்ணாகுளம் வழியில் வட்டாரத்துக்கு ஒரு கருவியும் ஒரு பணியாளரும் போதும்.

இரண்டாவது, பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் கண்ணைப் போலவே காதையும் சோதிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுக்களிடம் கையடக்க ஆடியோமீட்டர் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுவது தமிழ்நாட்டுக்குப் பெருமை. ஆனால், வெளியே மாட்டும் கருவியின் உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு கேபிள் பழுதானாலும் கூலி வேலை பார்க்கும் பெற்றோர் திண்டாடிப்போகிறார்கள். கருவி நின்றால் குழந்தைக்கு மறுபடியும் மௌனம்தான். பழுதுபார்ப்புக்கும் உதிரி பாகத்துக்கும் தனி நிதி வேண்டும். பேச்சுப் பயிற்சி மையம் தாலுகா அளவிலாவது இருக்க வேண்டும்.

நான்காவது, தறிக்கூடங்கள், குவாரிகள் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு, சட்ட வரம்பைப் பார்க்காமல் ஆண்டுக்கொருமுறை செவித்திறன் பரிசோதனையும் இலவசக் காதடைப்பானும் தர வேண்டும். நல வாரியங்கள் வழியாகவே இதைச் செய்யலாம்.

ஐந்தாவது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, பின்னால் நின்று மெல்லிய குரலில் நான்கு சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லலாம். தவறினால் மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஒரு நிமிட வேலை; புதிய கருவியும் தேவையில்லை.

ஆறாவது, ஒலி விதிகளை அமல்படுத்தும் காவல் நிலையங்களில் ஒலி அளக்கும் கருவி இருக்க வேண்டும். புகாரைக் கேட்டு வந்து “கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போவது அமலாக்கம் ஆகாது.

ஏழாவது, கருவியும் அறுவை சிகிச்சையும் எல்லோருக்கும் பொருந்தாது. சைகை மொழியில் முழுமையாக வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது அவர்களின் மொழி. ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் ஆகிய இடங்களில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது உரிமையாக நடைமுறைக்கு வர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை குறைவு. காதுக்குள் பட்ஸ், எண்ணெய், ஊக்கு எதுவும் வேண்டாம். இயர்போன் ஒலி 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை என்றால் உடனே குறையுங்கள். சீழ் வந்தால் அதே வாரம், ஒரு காது திடீரென அடைத்தால் அதே நாள் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர் இருந்தால், டி.வி. சத்தத்தைப் பற்றிச் சண்டை போடுவதை விட்டுவிட்டு ஒருமுறை ஆடியோகிராம் எடுங்கள். பிறந்து ஒரு மாதமாகாத குழந்தை இருந்தால், அடுத்த தடுப்பூசிவரை காத்திராமல் மருத்துவமனையில் “காது டெஸ்ட் எங்கே எடுப்பீங்க?” என்று கேளுங்கள். எல்லாப் பெற்றோரும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்துவிடும்.